ஈசெட் ஏவி ரிமூவர்: இலவசம், ஆனால் எல்லாம் போகாது

புது ஆன்டிவைரஸ் போட்டால் "வேறொரு பாதுகாப்பு மென்பொருள் உள்ளது" என்று இன்ஸ்டாலர் பாதியில் நிற்கும். கண்ட்ரோல் பேனலிலோ எதுவும் இருக்காது. பழைய நிரலின் ஃபில்டர் டிரைவரும் (விண்டோஸுக்குள் இடையில் நின்று கண்காணிக்கும் சிறு நிரல்) ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) பதிவுகளும் தங்கிவிடுவதுதான் காரணம்.

இதற்கு ஆன்டிவைரஸ் நிறுவனமான ஈசெட் தரும் ஏவி ரிமூவர் என்ற இந்த நீக்கும் கருவி உண்மையிலேயே உதவும். 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. உங்கள் விண்டோஸுக்கு உரியதையே எடுங்கள். ஸ்கேன் முடிந்ததும் பட்டியலில் டிக் அடித்து ரிமூவ் கொடுத்து, கட்டாயம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர் பெரும்பாலும் அப்போதுதான் வெளியேறும்.

பல நிறுவனங்களின் நிரல்களை ஒரே இடத்தில் நீக்குவது பெரிய வசதி. ஆனால் அரைகுறையாக அழிந்த நிரலைச் சில நேரம் கண்டுகொள்ளாது. அப்போது அந்தந்த நிறுவனத்தின் கருவியே கதி: மெக்காஃபிக்கு எம்சிபிஆர், காஸ்பர்ஸ்கிக்கு கேஏவி ரிமூவர். எம்சிபிஆர் திரையில் காட்டும் எழுத்துகளைப் பெரிய, சிறிய எழுத்து மாறாமல் தட்ட வேண்டும்.

விண்டோஸின் டிரைவர்ஸ் ஃபோல்டரில் கைவைத்து .சிஸ் கோப்பை (டிரைவரின் கோப்பு) மட்டும் அழித்துவிடாதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் ஃபில்டர் டிரைவர்களைப் பட்டியலிடும் அப்பர்ஃபில்டர்ஸ் பதிவில் அதன் பெயர் மிஞ்சியிருந்தால் கீபோர்டே வேலை செய்யாமல் போகலாம். எதை நீக்கும் முன்பும் ரீஸ்டோர் பாயின்ட் (விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) ஒன்று எடுத்து வையுங்கள்.