ராமிப்ரிலா, டெல்மிசார்டனா? புற்றுநோய்ப் பயத்தைவிட இருமல்தான் முடிவு செய்தது

அம்மா பிரஷருக்குப் பல வருடம் ராமிப்ரில் சாப்பிட்டுவிட்டு, எழுபதைத் தாண்டியபின் டெல்மிசார்டனுக்கு மாறினார். மாற்றியது டாக்டர், ஏன், எதற்கு என்று துருவியது நான். ‘பிரில்’ என்று முடியும் மாத்திரைகள் ஒரு வகை, ‘சார்டன்’ என்று முடிபவை இன்னொரு வகை. இரண்டைப் பற்றியும் புற்றுநோய்ப் பேச்சு உண்டு என்பதால் சித்தியில் தொடங்கி எதிர்வீட்டுக்காரர் வரை ஆளுக்கொரு எச்சரிக்கை.

பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ராமிப்ரில் எடுத்தவர்களில் 16.5%, டெல்மிசார்டனில் 16.7%.

சரி, புற்றுநோய். 2018-இல் பிரிட்டனில் ஏறக்குறைய 10 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், சார்டனோடு ஒப்பிட்டால் மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகு பிரில் வகையில் நுரையீரல் புற்றுநோய் 14% அதிகம். கேட்கப் பயமாக இருக்கும். சரிக்கட்டாத நேர் எண்ணிக்கையிலேயே ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 1.2 என்பது 1.6 ஆகிறது, அவ்வளவுதான். சார்டன் பக்கமும் சுத்தமில்லை: 2010-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சார்டன் எடுக்காதவர்களில் புற்றுநோய் 6%, எடுத்தவர்களில் 7.2% என்று வந்தது. அதில் பெரும்பாலோர் எடுத்தது டெல்மிசார்டன்தான். மறு வருடமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 31 ஆய்வுகளை அலசி, அப்படி எதுவும் இல்லை என்றது. 2018-இல் வால்சார்டனைத் திரும்பப் பெற்றது வேறு கதை. அது தயாரிப்பில் கலந்த, புற்றுநோய் தரக்கூடிய என்டிஎம்ஏ என்ற மாசு, மருந்தின் குணமல்ல. 2021-இல் 33 ஆய்வுகள், 2.6 லட்சம் பேரை வைத்துப் பார்த்தபோது இரண்டு வகையிலும் புற்றுநோய்த் தொடர்பு தெரியவில்லை. அந்த ஆய்வுகள் பத்து, பதினைந்து வருடம் ஓடியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, என்னைப் பொறுத்தவரை தராசு சாய்ந்தது இருமலில். பிரில் வகை பிராடிகைனின் என்ற பொருளை உடம்பில் தேங்க விடும். அதனால் சளியே இல்லாத வறட்டு இருமல். அம்மாவுக்குப் படுத்தால் போதும், ஆரம்பித்துவிடும். வயதானவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை: தூக்கம் கெடும், இருமும்போது சிறுநீர் கசியும், வெளியே சொல்ல மாட்டார்கள். சளி இருமல் என்று நினைத்து மருந்துக்கடையில் வாங்கும் சளி மாத்திரை பலவற்றில் மூக்கடைப்பைக் குறைக்கும் ஃபினைலெஃப்ரின் இருக்கிறது. அது பிரஷரை ஏற்றலாம்! அப்புறம் எக்ஸ்ரே. அந்த பிரிட்டன் கணக்குக்கே சிலர் சொல்லும் விளக்கம் இதுதான்: இருமுகிறவர்களுக்குப் படம் அதிகம் எடுப்பதால் கட்டியும் அதிகம் கண்ணில் படுகிறது. ஆன்டார்கெட்டில் ராமிப்ரில் ஒத்துக்கொள்ளாதவர்களை முதலிலேயே கழித்துவிட்டார்கள். அப்படியும் இருமலால் நிறுத்தியவர்கள் 4.2%, டெல்மிசார்டனில் 1.1%.

மாறிய சில வாரங்களில் அம்மாவின் இருமல் நின்றது. டெல்மிசார்டனில் தலைசுற்றல் கொஞ்சம் அதிகம் என்பதும் அதே ஆய்வில் உண்டு. கட்டிலிலிருந்து சட்டென்று எழாமல் பார்த்துக்கொள்கிறோம். ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனை இரண்டு மருந்துக்குமே வேண்டும்.

அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘எச்’ இருந்தால் கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரை அதிகம் போகவைக்கும் பிரஷர் மருந்து இருக்கிறது என்று பொருள். அம்மா அதைச் சாப்பிட்டதில்லை, படித்ததை வைத்தே சொல்கிறேன். அதனால் வரக்கூடிய தோல் புற்றுநோய் பற்றி எஃப்டிஏ 2020-இல் எச்சரிக்கை சேர்த்தது. ஆண்டுக்கு 16,000 பேரில் கூடுதலாக ஒருவர், பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். டென்மார்க் ஆய்வில் அபாயம் தெளிவாகக் கூடியது மொத்தம் 50,000 மில்லிகிராம் தாண்டியவர்களுக்கு. தினம் 12.5 மில்லிகிராம் என்றால் அதற்குப் பதினோரு வருடம் ஆகும்.