லிலிபாண்டுடன் 11 ஆண்டுகள்: தமிழ்ப் பாடல்களை நான்கு குரல்களுக்கு அச்சுக்கோத்த அனுபவம்

திருச்சபைப் பாடகர் குழுக்களுக்கான நான்கு குரல் இசைக்குறிப்புகளைத் தயாரித்துச் சிறு நூல்களாக வெளியிடும் வேலையை நீண்ட காலமாகச் செய்துவருகிறேன். 2014 முதல் இந்த வேலை முழுவதையும் லிலிபாண்ட் என்னும் கட்டற்ற மென்பொருளிலேயே செய்கிறேன். ஒரு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு எழுதப்படும் மதிப்புரைகள் நிறைய உள்ளன. 11 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மென்பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் நான் பயன்படுத்தியது விலை கொடுத்து வாங்கிய ஒரு வணிக மென்பொருள். அதன் பெயர் இங்கே தேவையில்லை. கணினியை மாற்றியபோது அந்தப் பழைய பதிப்பு புதிய இயங்குதளத்தில் திறக்கவில்லை. புதிய பதிப்பை வாங்கித் திறந்தபோது சுரங்கள் சரியாக வந்தன, ஆனால் யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை எழுத்துருவில் தட்டெழுதியிருந்த பாடல் வரிகள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நின்றன. அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களின் வரிகளை அச்சுப் பிரதியைப் பார்த்து மீண்டும் தட்டெழுத வேண்டியிருந்தது. எப்படியும் மீண்டும் தட்டெழுதத்தான் வேண்டும் என்றால், இனி எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய வடிவத்தில் தட்டெழுதுவோம் என்று அன்று முடிவெடுத்தேன். 1988 முதல் விற்பனையில் இருந்த ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக 2024 ஆகஸ்ட் 26 அன்று மேக்மியூசிக் நிறுவனம் அறிவித்தபோது, அதில் வாழ்நாள் உழைப்பைச் சேமித்து வைத்திருந்த இசையமைப்பாளர்களின் கவலை எனக்கு நன்றாகப் புரிந்தது.

லிலிபாண்டில் சுரங்களைச் சுட்டியால் இழுத்து வைக்க முடியாது. சுரத்தின் எழுத்தையும் அதன் கால அளவைக் குறிக்கும் எண்ணையும் சாதாரண உரைக் கோப்பில் தட்டெழுதி, மென்பொருளை இயக்கினால் பிடிஎஃப் பக்கம் வெளிவரும். இதை 1996இல் தொடங்கிய ஹான்-வென் நியென்ஹய்ஸ், யான் நியூவென்ஹய்சன் இருவரும் நெதர்லாந்தைச் சேர்ந்தவர்கள் என்பதால், அந்நாட்டு வழக்கப்படி சுரத்தை அரைப்படி உயர்த்தும் ஷார்ப்புக்கு 'இஸ்', தாழ்த்தும் ஃபிளாட்டுக்கு 'எஸ்' என்ற விகுதிகளைச் சேர்ப்பதே இதன் இயல்பான முறை. முதல் மூன்று மாதங்கள் கடினமாகவே இருந்தன. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் பக்கம் வராது. பிழைச் செய்தியைப் படித்து எந்த வரியில் தவறு என்று தேட வேண்டும். ஃபிரெஸ்கோபால்டி என்ற தொகுப்பி கிடைத்த பிறகு, பக்கத்தில் உள்ள சுரத்தைச் சொடுக்கினால் கோப்பில் அதற்குரிய இடத்துக்கே போக முடிந்ததால், வேலை ஓரளவு எளிதாயிற்று.

தமிழ் வரிகளை எப்படிக் கையாள்கிறது என்பதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வியாக இருந்தது. எழுத்துகளை வரைவதற்கு லிலிபாண்ட் பாங்கோ என்ற நூலகத்தைப் பயன்படுத்துவதால், 'கொ', 'தெய்' போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும் பழைய தொல்லை இதில் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் எழுத்து சரியாக வருவது பாதி வேலைதான். எந்தச் சுரத்துக்கு எந்த எழுத்துக்கூட்டம் என்று பிரிப்பதே உண்மையான வேலை. யாப்பிலக்கணம் படித்தவர்கள் இங்கே அசையை நினைத்துக்கொள்வார்கள், அது பொருந்தாது. 'எனக்களித்த' என்பதை அசை பிரித்தால் 'எனக்-களித்-த' என்று மூன்றாகும். பாடும்போதோ ஒவ்வோர் உயிரொலிக்கும் ஒரு சுரம் வேண்டும் என்பதால் 'எ-னக்-க-ளித்-த' என்று ஐந்தாகப் பிரித்து, புள்ளி வைத்த எழுத்தை அதற்கு முந்தைய எழுத்தோடு சேர்க்க வேண்டும். 'எனக்கு அளித்த' என்று எழுதி, 'கு', 'அ' இரண்டையும் ஒரே சுரத்தில் பாடவேண்டிய இடத்தில், இரண்டுக்கும் நடுவே அலைக்குறி இட்டால் அவற்றை இணைக்கும் சிறு வளைவு கீழே வந்துவிடும். குற்றியலுகரம் இவ்வளவு நிறைந்த மொழிக்கு இது பெரிய உதவி.

சிக்கல் அகலத்தில் இருக்கிறது. எங்கள் நூல்கள் டெமி அளவில் வருபவை. ஓரம் போக எழுதக் கிடைக்கும் அகலம் 11 சென்டிமீட்டர்தான். 'வாழ்த்', 'ஞானத்' போன்ற எழுத்துக்கூட்டங்கள் வேகமான சுரங்களின் கீழே வரும்போது, வரிக்கு இடம் கொடுப்பதற்காகச் சுரங்கள் விலகி நின்று, கால அளவைக் கண்ணால் உணரவேண்டிய இடைவெளியே கெட்டுப்போகிறது. நான்கு சரணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், நான்கில் எது அகலமோ அதுதான் அந்தச் சுரத்தின் இடத்தைத் தீர்மானிக்கும். சுரங்கள் எழுதப்படும் ஐந்துகோட்டின் உயரத்தை இயல்பான 20 புள்ளியிலிருந்து (பாயிண்ட்) 16 ஆக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் அளவையும் குறைத்து, வரி முறியும் இடங்களை நானே தீர்மானித்த பிறகுதான் பக்கம் சீரானது. மேலே எழும் 'கீ', கீழே இறங்கும் 'டூ' இரண்டும் அடுத்தடுத்த சரணங்களில் முட்டிக்கொள்ளாமல் இருக்கச் சரணங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டவும் வேண்டியிருந்தது. இந்த அளவுகளை ஒரு தனிக் கோப்பில் எழுதி எல்லாப் பாடல்களிலும் இணைத்துவிட்டதால், இப்போது ஓர் எண்ணை மாற்றினால் நூல் முழுவதும் மாறுகிறது. ஒரு பதிப்பாளருக்கு இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரியவில்லை.

அச்சின் அழகைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உலோகத் தகட்டில் கையால் செதுக்கப்பட்ட பழைய ஐரோப்பியப் பதிப்புகளை, குறிப்பாக பேரன்ரைட்டர் என்ற ஜெர்மன் பதிப்பகம் 1950இல் வெளியிட்ட, இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ தொகுப்பை, இதன் படைப்பாளர்கள் முன்மாதிரியாகக் கொண்டார்கள். தண்டு (சுரத்தின் தலையோடு இணைந்த செங்குத்துக்கோடு) மேல்நோக்கிய சுரத்தை அடுத்துத் தண்டு கீழ்நோக்கிய சுரம் வந்தால், இரண்டு தண்டுகளும் நெருங்கிக் கண்ணை உறுத்தும் என்பதால் அங்கே சற்றுக் கூடுதல் இடைவெளி விடப்படுகிறது. எதிர்மாறான வரிசையில் இடைவெளி குறைக்கப்படுகிறது. எமென்டாலர் என்ற அதன் இசை எழுத்துரு 8 வெவ்வேறு அளவுகளுக்காகத் தனித்தனியே வரையப்பட்டுள்ளதால், சிறிய அளவில் கோடுகள் மெலிந்து மறைவதில்லை. மங்கலான விளக்கொளியில் பாடும் முதிய பாடகர்கள் புதிய நூலைப் படிப்பது எளிதாக இருக்கிறது என்று தாமாகவே சொன்னபோது, இந்த நுணுக்கங்களின் பயன் எனக்கு உறுதியாயிற்று.

2.18 பதிப்பில் எழுதிய கோப்புகளைச் சென்ற ஆண்டு 2.24க்கு மாற்றினேன். எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே குறிப்பிடும் வழக்கம் இருப்பதால், மாறிப்போன கட்டளைகளை உடன்வரும் மாற்றுக்கருவி பெரும்பாலும் தானே திருத்திவிட்டது. நானே ஸ்கீம் என்ற நிரல்மொழியில் எழுதியிருந்த சில துணைக்கட்டளைகள் மட்டும் இயங்கவில்லை. அவற்றைச் சரிசெய்ய இரண்டு மாலைகள் ஆயின. பாடல் வரிகளில் ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை.

குறைகளும் உண்டு. இசையைக் கேட்டுப் பார்க்க சுரங்களை மட்டும் குறித்துவைக்கும், ஒலிப்பதிவு அல்லாத ஒரு மிடி கோப்பு மட்டுமே கிடைக்கிறது. டோரிகோ, மியூஸ்ஸ்கோர் போன்ற பிற இசைக்குறிப்பு மென்பொருள்களில் கேட்கும் வாத்திய ஒலியை இதில் எதிர்பார்க்கக் கூடாது. பியானோவில் இரண்டு கைகளுக்கும் நடுவே நீளும் வளைவுகளின் வடிவத்தைக் கட்டளைகளால் திருத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எனக்கு மிகவும் உறுத்தும் குறை வேறு: இசைக்குறிப்பு மென்பொருள்களுக்கு இடையே பரிமாறப் பயன்படும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பை உள்ளே கொண்டுவரக் கருவி இருக்கிறது, ஆனால் வெளியே அனுப்ப நம்பத்தக்க வழி இல்லை. வேறு மென்பொருளைப் பயன்படுத்தும் இசையமைப்பாளருக்குத் திருத்தத்தக்க பிரதியை என்னால் கொடுக்க முடிவதில்லை. பிடிஎஃப்பில் அவர்கள் குறித்து அனுப்பும் திருத்தங்களை நானே கோப்பில் சேர்க்கிறேன்.

ஆகவே, பியானோவின் முன் அமர்ந்து வாசித்துக்கொண்டே இசையமைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்கள் மியூஸ்ஸ்கோரில் எழுதி முடிக்கட்டும். முடிந்த இசையை நூலாக்குபவர்களும் மறுபதிப்புகளில் திருத்தம் செய்பவர்களும் முதலில் ஒரே ஒரு பாடலை, ஒரே ஒரு சரணத்தோடு, இதில் எழுதிப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தப் பாடலின் ஆல்டோ குரலுக்கான வரியில் இருந்த ஒரு தவறான சுரத்தைச் சென்ற மாதம்தான், அதே கோப்பைத் திறந்து, திருத்தினேன்.