குழாயா, துளையா?

பென்ஜமின் வார்ஃப் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்கான மூளை அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர். 2000-ஆம் ஆண்டு மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் கிழக்கு உகாண்டாவின் ம்பாலே நகருக்குக் குடிபெயர்ந்தார். பேராசிரியர் பதவிகளின் ஏணியில் பாதியில் இறங்குகிற மாதிரிதான் அது தெரிந்திருக்கும். ஆனால் அவருடைய வாழ்நாள் ஆய்வுக்கான கேள்வி அங்கேதான் அகப்பட்டது.

மூளையில் நீர் கோத்துத் தலை வீங்கிய கைக்குழந்தைகள் ஏராளமாக வந்தார்கள். பலருக்குப் பிறந்த சில வாரங்களில் கண்ட கிருமித் தொற்றுதான் காரணம். இதற்கு உலகமெங்கும் இருந்த வழக்கமான தீர்வு ஷண்ட். மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறையிலிருந்து தோலுக்கடியில் வயிற்றுவரை ஓடும் சிலிகோன் குழாய், நடுவில் ஒரு வால்வு. 1950-களில் ஜான் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கத் தொழிலாளி, இதே நோய் கண்ட தன் மகனுக்காக வடிவமைத்த வால்வுதான் இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஷண்ட் உடனே வேலை செய்யும், எந்த வயதிலும் வைக்கலாம், எந்த அறுவை நிபுணரும் பழகியிருப்பார். குறை என்னவென்றால், அது அடைத்துக்கொள்ளும். முதல் ஆண்டிலேயே பத்தில் நான்கு பழுதாகும் என்பது மேலை நாட்டு ஆய்வுகளின் கணக்கு. பாஸ்டனில் அடைத்தால் அவசர ஊர்தி வரும். உகாண்டாவில் ஒரு நாள் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும் தாய்க்கு, பிள்ளை வாந்தி எடுப்பது மலேரியாவாலா அடைத்த குழாயாலா என்று எப்படித் தெரியும்?

குழாயின் விலையும் ஒரு சிக்கல். வார்ஃப் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உத்தரப் பிரதேசத்தில் தயாராகும் சுமார் 35 டாலர் சப்ரா ஷண்டையும் 650 டாலர் மேலைநாட்டு ஷண்டையும் 195 குழந்தைகளிடம் ஓராண்டு கவனித்ததில், பலனில் வேறுபாடு தெரியவில்லை. 2005-இல் வெளிவந்த இந்த முடிவு, விலையை வைத்துத் தரத்தை எடைபோடும் பழக்கத்துக்கு நல்ல அடி.

மாற்று வழி எண்டோஸ்கோப், அதாவது உள்ளே நுழைத்துப் பார்த்தபடியே வேலை செய்ய உதவும் மெல்லிய கருவி. மூன்றாம் மூளை அறையின் அடித்தளத்தில் சிறு துளையிட்டால் நீர் தானே வழி கண்டு வெளியேறும். உடலுக்குள் எந்தப் பொருளையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. 1923-லேயே வில்லியம் மிக்ஸ்டர் பாஸ்டனில் செய்து காட்டியதுதான் இது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் துளை பாதிக்கு மேல் கைகொடுக்கவில்லை. வார்ஃப் செய்த மாற்றம், நீரைச் சுரக்கும் திசுவையும் அதே கருவியால் சுட்டுப் பொசுக்கியது. அவர் வெளியிட்ட முடிவுகளில் கைக்குழந்தைகளிடம் வெற்றி 47 விழுக்காட்டிலிருந்து 66 ஆனது.

சரி, எது மேல்? ம்பாலேயில் தொற்றால் நீர் கோத்த, ஆறு மாதத்துக்குட்பட்ட 100 குழந்தைகளை இரு பிரிவாக்கிச் செய்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. ஓராண்டில் எண்டோஸ்கோப் பிரிவில் 35 விழுக்காடும், ஷண்ட் பிரிவில் 24 விழுக்காடும் தோற்றன. இந்த வேறுபாட்டைத் தற்செயல் அல்ல என்று சொல்ல முடியாது. அறிவு வளர்ச்சி மதிப்பெண்ணிலும் இரு பிரிவுக்கும் இடையே உறுதியான வேறுபாடு இல்லை. சராசரிக் குழந்தைக்குப் பத்து வரும் அளவுகோலில் ஒரு பிரிவின் இடைநிலை நான்கு, மற்றதன் இடைநிலை இரண்டு. இரண்டுமே மிகக் குறைவு. கத்தி தொடுவதற்கு முன்பே தொற்று மூளையைத் தின்றுவிட்டிருக்கிறது.

ஆட்டம் சமநிலை என்று சிலர் இதைப் படித்தார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. துளை தோற்றால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில், தாய் கண்காணிப்புக்கு வந்துபோகும் காலத்திலேயே தோற்கும். ஷண்டுக்குத் தவணை கிடையாது. பத்து வயதிலும் ஒரு நள்ளிரவில் அடைக்கும். ஆகவே இரவும் பகலும் அறுவை அரங்கு திறந்திருக்கும் நகரத்தில், சில வாரக் குழந்தைக்கு, மூளை அறையெல்லாம் தழும்பேறிய நிலையில், ஷண்டே நல்லது என்பேன். மருத்துவமனை எட்டாத ஊரென்றால் முதலில் துளைதான், தேர்ந்த கை இருந்தால். இந்தக் கடைசி நிபந்தனை சிறியதல்ல. திசுவைப் பொசுக்குவது பழக்கத்தால் வரும் வித்தை.

வார்ஃப் பிறகு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்கும் ஹார்வர்டுக்கும் வந்தார். 2012-இல், படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. ம்பாலேயில் உருவான முறையை அமெரிக்க அறுவை நிபுணர்களும் கைக்கொண்டார்கள். 2020-இல் ஸ்டீவன் ஷிஃப் என்ற ஆய்வாளர் உள்ளிட்ட குழு, தொற்றால் நீர் கோத்த உகாண்டாக் குழந்தைகளின் மூளைநீரில் பெனிபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் தடயத்தைக் கண்டது.