அரசு ஆணையை எப்போது மறுக்கலாம்? ஓர் இணையவழிப் பாடநெறி பற்றிய மதிப்புரை

தனிமனிதச் சுதந்திரம் குறித்தும், அரசின் கட்டாய ஆணைக்கு ஒருவர் எந்த நிலையில் பணிய மறுக்கலாம் என்பது குறித்தும் நடத்தப்படும் இந்த இணையவழிப் பாடநெறி, சட்டம் படிக்காதவர்களையும் வழக்குகளின் வழியாகவே கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதற்காக மட்டுமே ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்தலாம் என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வகுத்த எல்லையை விளக்கும் தொடக்கப் பாடங்களில் புதிதாக ஒன்றும் இல்லை.

பாடம் சூடுபிடிப்பது ஜேக்கப்சன் வழக்கில்தான். பெரியம்மை பரவிய காலத்தில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரம் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. சிறுவயதில் தடுப்பூசியால் கடுமையாக அவதிப்பட்டதாகக் கூறிய போதகர் ஹென்னிங் ஜேக்கப்சன் அதை மறுத்தார். அவருக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது. ஆனால், மறுத்தவரைப் பிடித்துவைத்து ஊசி போட அந்தச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும், அதிகாரம் தேவைக்கு மீறிப் பாய்ந்தால் நீதிமன்றம் தலையிடும் என்று தீர்ப்பே எச்சரித்ததையும் ஆசிரியர் வரிவரியாக எடுத்துக் காட்டுகிறார். அதன் பிறகு அவர் 1927-க்கு வருகிறார்: மனவளர்ச்சி குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதற்குத் துணையாகக் காட்டியது ஜேக்கப்சன் தீர்ப்பையே. அபராதத்தோடு நின்ற கட்டாயம் 22 ஆண்டுகளில் அறுவைக் கத்தியாக மாறியதை இவ்வளவு தெளிவாக விளக்கும் பாடத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நியாயமான ஆணைக்குப் பணிபவரும் அதன் எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஏன் என்பது இங்கே ஐயத்துக்கு இடமின்றி விளங்கிவிடுகிறது.

அடுத்த பாடம் கொடிவணக்க வழக்கு. கொடிக்கு வணக்கம் செலுத்துமாறு பள்ளி மாணவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று 1940-இல் கூறிய அதே நீதிமன்றம், 1943-இல் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. கேரளத்தில் தேசிய கீதத்தைப் பாடாமல், ஆனால் மரியாதையுடன் எழுந்து நின்ற மூன்று மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறென்று இந்திய உச்ச நீதிமன்றம் 1986-இல் கூறியதையும் ஆசிரியர் இதனோடு சேர்த்துப் படிக்கிறார். தொற்றுநோயின்போது மறுப்பவரால் அயலாருக்கு ஆபத்து நேரலாம். வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளையால் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. மறுப்பை எடைபோட இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை என்பதே என் கருத்தும்.

குறை இறுதிப் பகுதியில் இருக்கிறது. எப்போது மறுக்கலாம் என்பதற்கு இத்தனை பாடங்களை ஒதுக்கியவர்கள், எப்படி மறுப்பது என்பதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிப்பது, விலக்கு கோருவது, மேல்முறையீட்டுக்குச் செல்வது ஆகியவை பெயரளவில் வந்துபோகின்றன. 1922-இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டு, உச்சபட்சத் தண்டனையைத் தரும்படி தாமே கேட்டு, ஆறாண்டுச் சிறைத்தண்டனையை ஏற்றது ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது. வெளிப்படையாக மறுத்து விளைவை ஏற்பவருக்கும், யாருக்கும் தெரியாமல் விதியை ஏய்ப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல இதைவிட நல்ல இடம் வாய்த்திருக்காது. பயிற்சி வினாக்களிலும் தலைக்கவச விதியையும் மனச்சான்றைத் தொடும் ஆணைகளையும் ஒரே பட்டியலில் அடைத்திருப்பது கற்பவரைக் குழப்பும்.

இருந்தாலும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தீர்ப்புகளின் முழு வடிவமும் பாடங்களுடன் இணைக்கப்பட்டுள்ளது. நேரம் குறைவாக உள்ளவர்கள் தொடக்கப் பாடங்களை விட்டுவிட்டு, 1905 மற்றும் 1943-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளை அருகில் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டுமாவது கேட்கலாம்.