நாவல் எழுத ஸ்க்ரிவனர்: மொரீஷியஸிலிருந்து ஒரு மதிப்புரை

நீண்ட நாவல் எழுதுபவர்கள் ஒரு மென்பொருளுக்குப் பணம் செலவிடுவதென்றால், அது ஸ்க்ரிவனராக இருக்கட்டும் என்பேன். மொரீஷியஸின் ரோஸ்ஹில் நகரில் இருந்துகொண்டு தமிழில் எழுதுபவள் நான். என் மூன்றாவது நாவலை முதல் வரியிலிருந்து இதிலேயே எழுதி முடித்திருக்கிறேன். கீத் பிளவுண்ட் என்னும் ஆங்கிலேயர், தாம் எழுத நினைத்த நாவலுக்கு ஏற்ற கருவி கிடைக்காததால், தாமே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு உருவாக்கியது இது. 2007இல் முதலில் மாக் கணினிகளுக்கு வெளிவந்தது. பின்னர் விண்டோஸுக்கும் ஐபோன், ஐபேடுகளுக்கும் வந்தது. எழுதுபவனின் சிரமம் அறிந்த ஒருவர் செய்த கருவி என்பது பழகப் பழகத் தெரிகிறது.

வேர்டில் நாவல் ஒரே நீண்ட கோப்பாக இருக்கும். ஸ்க்ரிவனரில் ஒவ்வொரு காட்சியும் தனித்தனி ஆவணம். அவையெல்லாம் இடப்பக்கத்தில் பைண்டர் என்னும் பட்டியலில் அடுக்கப்பட்டிருக்கும். கார்க்போர்டு என்னும் பார்வைக்கு மாறினால், ஒவ்வொரு காட்சியும் சுருக்கம் எழுதிய ஓர் அட்டையாகத் தெரியும். அட்டையை இழுத்து வேறிடத்தில் வைத்தால் நாவலிலும் அந்தக் காட்சி இடம் மாறிவிடும். 1960 பிப்ரவரியில் இத்தீவைத் தாக்கிய கரோல் புயலில் தகரக்கூரை வீட்டை இழந்து, பிறகு அரசு கட்டிக்கொடுத்த சிமெண்டு வீடுகளில் ஒன்றுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை என்னுடையது. புயல் இரவை முதல் அத்தியாயமாக வைத்திருந்தேன். அது முதலில் நடந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த அட்டையைப் பாதி நாவலுக்குப் பின்னால் நகர்த்திப் பார்த்தபோதுதான், புதிய வீட்டின் உறுதியான சுவர்களுக்குள் உட்கார்ந்த பிறகே அந்தக் குடும்பம் எதை இழந்தோம் என்று உணர்கிறது என்பது எனக்கு விளங்கியது. இழவு வீட்டில் அழாமல் நின்ற உறவினர்களை நான் முன்பு கல்நெஞ்சுக்காரர்கள் என்று எண்ணியதுண்டு. இப்போது அப்படி எண்ணுவதில்லை.

இந்த மென்பொருளில் நான் மிக அதிகமாக மதிப்பது ஸ்னாப்ஷாட் என்னும் வசதியை. ஒரு காட்சியைத் திருத்துமுன் அதை அப்படியே பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பதிவும் நாளும் நேரமும் குறிக்கப்பட்டு அந்தக் காட்சியோடேயே இருக்கும். வேண்டும்போது இரண்டு வடிவங்களை ஒப்பிட்டு எது நீங்கியது, எது சேர்ந்தது என்று பார்க்கலாம். பழைய வடிவத்துக்கே திரும்பவும் செய்யலாம். வெட்டியது எங்கும் போய்விடாது என்ற உறுதி இருந்தால், கை துணிந்து வெட்டுகிறது.

நாவலில், வீட்டைத் திரும்ப எழுப்புவதற்காக மாமியார் மருமகளின் வளையல்களை அவளைக் கேட்காமலேயே விற்றுவிடுகிறாள். முதல் வடிவத்தில் அக்காட்சி முழுவதும் மருமகளின் கோபம். மாமியாருக்குப் பேச இரண்டு வரிகூட இல்லை. அதைப் பதிந்து வைத்துவிட்டு, அதே காட்சியை மாமியாரின் கண் வழியாக எழுதினேன். பின்னர் இருவருக்கும் பொதுவாக மறுபடியும் எழுதினேன். பதிவுகளை வரிசையாகத் திறந்து படித்தபோது, மருமகள் வழக்கில் வெல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட வாக்கியங்கள் எவை என்று அப்பட்டமாகத் தெரிந்தது. அவற்றை நீக்கிய பின் மருமகளின் வலி குறையவில்லை. மாமியாரின் பயம் மட்டும் வெளியே வந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் பழைய வருத்தங்களைப் பேசத் தொடங்கினால் இப்போதெல்லாம் இடைமறிக்காமல் முடிக்கவிடுகிறேன். அந்தக் காட்சியிலிருந்து எனக்கு வந்த பழக்கம் அது.

டிராஃப்ட் கோப்புறையில் இருப்பவை மட்டுமே நூலாகத் தொகுக்கப்படும். ரிசர்ச் கோப்புறையில் படம், பிடிஎஃப், ஒலிப்பதிவு என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், அது நூலுக்குள் நுழையாது. 1960ஆம் ஆண்டின் பிரெஞ்சு நாளிதழ்ப் பக்கங்கள், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காத்துவரும் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகளைப் பற்றிய குறிப்புகள், முதியவர்கள் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்ன நினைவுகளின் ஒலிப்பதிவுகள் ஆகியவை எனக்கு அங்கேதான் இருக்கின்றன. திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஒலிப்பதிவைக் கேட்டபடி மறுபக்கம் எழுத முடிகிறது. திரட்டியதில் மிகச் சிறு பங்குதான் நாவலில் இடம்பெற்றது. மிச்சத்தைக் காட்டிக்கொள்ளாமல் வைத்திருக்கும் அடக்கத்தை இந்தப் பிரிவினை பழக்கிக்கொடுத்தது என்பேன்.

தமிழுக்கென்று சில தடைகள் உள்ளன. தொடக்கத்தில் வரும் எழுத்துரு தமிழுக்கானதன்று. அமைப்புகளிலும், கம்பைல் எனப்படும் தொகுப்புச் சாளரத்திலும் தமிழ் எழுத்துருவை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் உருவாக்கும் கருவி நமக்கு அவ்வளவாகப் பயன்படாது. அன்றாட இலக்கைச் சொற்கணக்கில் வைக்கும் வசதி நல்லதுதான். ஆனால் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிவரும் தமிழில் ஆயிரம் சொல் என்பது ஆங்கிலத்தின் ஆயிரத்தைவிடக் கூடுதலான உழைப்பு. எண்பதாயிரம் சொற்கள் எழுதினால்தான் நாவல் என்று ஆங்கில வழிகாட்டிகள் சொல்வதை நம் எழுத்தாளர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பைல் பகுதி கடினமானது. வேர்டு, பிடிஎஃப், மின்னூல் என்று பல வடிவங்களில் வெளியிடலாம் என்றாலும், விருப்பத் தேர்வுகள் மிகுதி. அச்சகத்துக்கு அனுப்புபவர்கள் வேர்டுக் கோப்பாக எடுத்து அங்கேயே பக்க அமைப்பைச் செய்துகொள்வது எளிது. ஆண்ட்ராய்டுக்கு இம்மென்பொருள் இல்லை, அது ஒரு பெருங்குறை. ஐபோனோடு இணையம் வழியாக ஒத்திசைக்க டிராப்பாக்ஸ் என்னும் இணையச் சேமிப்புச் சேவை வேண்டும். மறுபுறம், கணினியில் எழுதுவதற்கு இணையம் தேவையில்லை, தட்டச்சு நின்ற சில நொடிகளில் தானாகவே சேமித்துக்கொள்கிறது, மூடும்போது காப்புப் பிரதியும் எடுத்துக்கொள்கிறது. புயல் எச்சரிக்கை வந்து இணையம் அறுந்து கிடக்கும் நாட்களில் மொரீஷியஸ்வாசிக்கு இதன் அருமை தெரியும்.

கணினிக்கான உரிமம் சுமார் 60 அமெரிக்க டாலர், ஒரே முறை செலுத்தினால் போதும். மாக்குக்கும் விண்டோஸுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். மாணவர்களுக்குச் சலுகை உண்டு. சிறுகதையும் கவிதையும் மட்டும் எழுதுபவர்களுக்கு இது வேண்டியதில்லை. பல தலைமுறைக் கதையோ, வரலாற்று நாவலோ கையில் வைத்திருப்பவர்கள் முதலில் 30 நாள் இலவசப் பதிப்பை இறக்கிக்கொள்ளலாம். மென்பொருளைத் திறந்த நாட்களை மட்டுமே அது கணக்கிடும் என்பதால், சனி ஞாயிறுகளில் மட்டும் எழுதக்கூடியவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்திப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.