மீண்டும் சிலிக்கான் பையா, சொந்தத் திசுவா?

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிய இடத்தில் சிலிக்கான் பை பொருத்திக்கொண்டவர்களுக்குத் திருத்த அறுவை தேவைப்படுவதற்குக் காரணங்கள் பல: பை கிழியலாம், இடம் நகரலாம், தொற்று வரலாம். எனக்கோ பையைச் சுற்றி உடல் தானாகவே உருவாக்கிக்கொள்ளும் மெல்லிய வடு உறை தடித்துச் சுருங்கிவிட்டது. இடப்பக்கம் மேலேறி, எந்த ரவிக்கையும் ஒழுங்காக உட்காரவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் வலித்தது. உருவம் மாறுவதை, இந்தச் சுருக்கத்தைத் தரம் பிரிக்கும் பேக்கர் அளவுகோலில் மூன்றாம் படி என்றும், வலியும் சேர்ந்தால் நான்காம் படி என்றும் சொல்கிறார்கள்.

பையை எடுத்துவிட்டுத் தட்டையாகத் தைத்துக்கொள்வதே எளிய வழி. அதில் நிறைவு காணும் பெண்களும் இருக்கிறார்கள். உருவம் வேண்டுமென்று நினைத்ததால், புதுப் பைக்கும், என் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பில் வைக்கும் வயிற்றுத் திசு முறைக்கும் இடையில்தான் நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

புதுப் பை என்றால் அறுவை சிறியது, விரைவில் வீடு திரும்பலாம். ஆனால் கதிர்வீச்சு பெற்ற இடத்தில் உறை மறுபடியும் சுருங்கும் வாய்ப்பு அதிகம். அதைவிட என்னை யோசிக்க வைத்தது பிற்காலக் கண்காணிப்பு. உப்புநீர்ப் பை கிழிந்தால் வற்றிச் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கான் பை கிழிந்தாலோ வெளியே ஒன்றும் தெரியாமலே போகலாம். அதனால்தான் தொந்தரவே இல்லாவிட்டாலும் பொருத்திய ஐந்தாறு ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து, பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் பரிந்துரைத்தது. கோபிப் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் போய் ஸ்கேன் எடுப்பதென்றால் செலவோடு ஒரு நாள் வேலையும் கெடும், துணைக்கு வருபவரின் வேலையும் கெடும். வாழ்நாள் முழுக்க நீளும் இந்த அலைச்சலுக்குப் பிறகும், பை ஆயுளுக்கும் தாங்காது என்பதால் இன்னோர் அறுவை காத்திருக்கலாம்.

வயிற்றுத் திசுவை வைத்தால் இந்தக் கவலை இல்லை. உடல் எடை கூடிக் குறையும்போது அதுவும் கூடிக் குறையும். ஆனால் அறுவை பல மணி நேரம் நடக்கும். நுண்ணோக்கியின் கீழ் இணைத்த இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் வைத்த திசுவே வீணாகலாம். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தழும்பு விழும். சில வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன்; பால் கறக்கக் குனியும்போது அடிவயிறு எனக்கு இப்போதும் இழுக்கிறது. அறுவை முடிந்து நெடுங்காலம் ஆகவில்லை என்பதால், இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

வயிற்றில் போதிய கொழுப்பு இல்லாதவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம். புதுப் பை வைத்துக்கொள்பவர்கள், அதன் மேற்பரப்பு வழவழப்பானதா சொரசொரப்பானதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவந்ததால் அல்லர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான பைகளை 2019இல் திரும்பப் பெற்றது. பையின் விவர அட்டையையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.