குட்டியா, வளர்ந்த பூனையா?

தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைப் பக்கம் பூனை வேண்டும் என்று சொன்னால் போதும், மறுநாளே யாராவது அட்டைப்பெட்டியில் மூன்று குட்டிகளோடு வந்து நிற்பார்கள். வளர்ந்த பூனையை யாரும் கேட்பதில்லை. இரண்டையும் வளர்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: பகலில் ஆள் இல்லாத வீட்டுக்கும் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் வளர்ந்த பூனைதான் சரி.

குட்டியை முதல் 8 வாரமாவது தாயிடம் விட வேண்டும். இங்கே ஒரு மாதத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். அந்த வயதில் அதற்கு உடம்புச் சூட்டை முழுசாகக் காக்கத் தெரியாது. ஆனி, ஆடிச் சாரலில் தரை சில்லென்று கிடக்கும். பாவம் என்று பசும்பால் ஊற்றுவோம், அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அப்படித்தான் ஒரு குட்டியை மூன்றே நாளில் பறிகொடுத்தேன். நல்லபடியாகத் தேறினாலும் நாளுக்கு நான்கு வேளை தீனி, 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடுப்பூசி, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி என்று வேலை இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, சின்னக் குட்டியில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது கடினம். கடுவன் என்று வாங்கியது ஐந்தாம் மாதம் வயிறு தள்ளி நிற்கும். நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கலாம், அப்புறம் ஒன்பது வாரத்தில் வீடு நிறையக் குட்டிகள்.

வளர்ந்த பூனையில் சிரமம் முதல் சில வாரம்தான். எங்களுடையது கேரள எல்லைக்குள் ஆரியங்காவுப் பக்கம் ஒரு மலையாள வீட்டில் வளர்ந்தது. அந்தக் குடும்பம் வளைகுடாவுக்குப் போக, மூன்று வயதில் எங்களிடம் வந்தது. வந்ததும் தையல் மிஷினுக்கு அடியில் போய் ஒடுங்கியதுதான், வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி உப்புப் போடாமல் அவித்த சாளை மீனைத் தட்டில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் தூங்காமல் கிடந்தேன். வளர்ந்த பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். இரண்டு நாள் தாண்டியும் வாய் வைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். மூன்று நான்கு வாரம் வெளியே விடவும் கூடாது, பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும்.

இவ்வளவுக்கும் பலன், பூனையின் குணம் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. மடியில் ஏறுமா, குழந்தை கத்தினால் மிரளுமா, பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு மேல் கண் வைக்குமா என்பதையெல்லாம் வளர்த்தவரிடமே கேட்டுக்கொள்ளலாம். குட்டி எப்படி வரும் என்று ஒரு வருஷம் போனால்தான் தெரியும். கருத்தடைக்கும் காத்திருக்க வேண்டாம். வீட்டுக்குள் வளரும் பூனை 12, 15 வருஷம் இருக்கும், மூன்று வயது என்பது கிழடு இல்லை.

குட்டிதான் நல்லது என்று சொல்லும் இடமும் உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய பூனை இருந்தால் அது குட்டியைச் சுலபமாகச் சேர்த்துக்கொள்ளும், சம வயதுப் பூனையோடு மல்லுக்கு நிற்கும். பிறந்து 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை, பெரும்பாலும் கடைசிவரை தள்ளியேதான் நிற்கும். அதை மடிப்பூனை ஆக்க முயல்வது அதற்குத் துன்பம்.

வளர்ந்த பூனையை வாங்கப் போனால் அது படுத்த துணியையும் கேட்டு வாங்கி வாருங்கள், பழைய வாடை போகாதபடி துவைக்க வேண்டாம். என்ன தின்னும், என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். எங்களுடையது ஒரு வாரம் எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை. பழைய வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு "அம்மிணி, வா மோளே" என்றேன். காதை நிமிர்த்தி, மிஷினுக்கு அடியிலிருந்து மெதுவாக வந்து என் காலில் உரசியது. இன்றும் வீட்டில் எல்லாரும் அப்படியேதான் கூப்பிடுகிறோம்.